வான்டடாக எழுதியது

'வான்ட்' என்றால் விருப்பம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பூர்வீகத்தைக் கிளறிப் பார்த்தால் அது பஞ்சத்தில் அடிபட்ட சொல். வடக்கே பழைய நார்ஸ் மொழியிலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்தபோது, 'குறைவாக இருக்கிறது, இல்லை' என்ற ஒரே பல்லவிதான் அதற்குத் தெரியும். பல நூறு வருஷம் இப்படி மூக்கால் அழுதுவிட்டு, 18ஆம் நூற்றாண்டுவாக்கில்தான் 'எனக்கு வேணும்' என்று குரலை உயர்த்தியது.

1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் பழைய பொருள்தான். 23ஆம் சங்கீதத்தில், ஆண்டவர் மேய்ப்பராக இருக்கையில் தமக்கு ஒரு குறையும் வராது என்கிறார் தாவீது. ஆங்கிலத்தில் அது 'ஐ ஷால் நாட் வான்ட்'. இந்தக் காலத்துக் கான்வென்ட் பிள்ளை அதை வாசித்தால், மேய்ப்பரே வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகத் தோன்றும்.

1941 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நான்கு சுதந்திரங்களை அறிவித்தார். அதில் ஒன்று 'வான்ட்'டிலிருந்து விடுதலை. அவர் சொன்னது இல்லாமையை. "ஆசையை விடச் சொல்றாரா? அதைத்தான் புத்தரே சொல்லிட்டாரே" என்றாள் என் மனைவி. ஓவியர் நார்மன் ராக்வெல் இதற்கு வரைந்த படம் 1943இல் வெளியானது: சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக் குடும்பம், பாட்டி கையில் முழு வான்கோழி. இல்லாமை ஒழிந்ததற்கு அத்தாட்சியாம். பார்க்கிறவன் நாக்கில் எச்சில் ஊறி, 'வான்ட்'டின் அடுத்த அர்த்தம் ஆரம்பமாகிவிடுகிறது.

வேலைக்கு ஆள் தேடும் முதலாளிக்கும் திருடனைத் தேடும் போலீசுக்கும் ஒரே தலைப்பு, 'வான்டட்'. முதலாளிக்குக் கிடைக்கிற ஆள் சில சமயம் போலீஸ் தேடுகிறவனாகவே அமைவதும் உண்டு.

இத்தனை அர்த்தமும் நமக்குப் போதவில்லை. 'வேண்டும்' நம்மிடம் 'வேண்டுமென்றே' ஆனதுபோல, 'வான்ட்' தமிழ்நாட்டில் 'வான்டடா' ஆனது. டவுன் பஸ்ஸில் காலை மிதித்தவனைப் பார்த்து, "வான்டடா மிதிக்கிறியா?" என்று கேட்டால் லண்டன்காரன் விழிப்பான், மிதித்தவனுக்கு நன்றாகவே புரியும்.

அந்தச் சொல்லின் எண்ணூறு வருஷச் சரித்திரத்தைப் படிக்க அகராதியெல்லாம் தேவையில்லை. காலையில் எங்கள் வீட்டுச் சமையலறைப் பக்கம் நின்றால் போதும். முதலில், "காபிப்பொடி இல்லை." அடுத்து, "காபிப்பொடி வேணும்." நான் கடைக்குப் போய்ப் பேப்பரும் வெற்றிலையும் வாங்கித் திரும்பியதும், "வான்டடாத்தானே மறந்தீங்க?"