மேகத்துக்கு ஏற்ற டைட்டானியம்

கேள்வி: பில்பாவோவில் உள்ள குகன்ஹைம் அருங்காட்சியகத்தைப் படமெடுக்கப் போகிறேன். அந்த ஊரில் வானம் அடிக்கடி மப்பும் மந்தாரமுமாக இருக்குமாமே! வெயில் வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! அந்தக் கட்டடமே மேகமூட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி முதலில் துருப்பிடிக்காத எஃகைத்தான் யோசித்தார். மங்கல் வெளிச்சத்தில் அது களையிழந்து தெரிந்தது. தன் அலுவலகத்துக்கு வெளியே ஒரு கம்பத்தில் டைட்டானியத் துண்டை மாட்டிவைத்தார். மழை நாளில் அது பொன்னிறமாக மின்னியது. பிறகென்ன? 1997இல் திறந்த கட்டடத்தின் வளைவுகளைப் போர்த்தியிருப்பது டைட்டானியம்தான். தகட்டின் கனம் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. கிட்டப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு தகடும் லேசாக உப்பி, நெளிந்திருக்கும். உச்சிவெயில் கண்ணைக் கூசவைத்து அந்த நெளிவை விழுங்கிவிடும். மூட்டமான வானம் அதைத் தடவித் தடவிக் காட்டும்.

உங்கள் எதிரி மேகமல்ல, கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்தான். பொன்னிறத்தைச் சாம்பலாக்கிவிடும். அதை 'டேலைட்' அல்லது 'கிளவுடி'யில் நிறுத்துங்கள். வெளுத்த வானத்துக்கு ஃபிரேமில் கையகல இடம் போதும், மிச்சத்தை வளைவுகளுக்குக் கொடுங்கள். வாசலில் ஜெஃப் கூன்ஸின் பூ நாய்க்குட்டி 'பப்பி', பக்கத்தில் லா சால்வே பாலத்தின் சிவப்பு வளைவு ஆகிய இரண்டுக்கும் இந்த வெளிச்சத்தில்தான் நிறம் தூக்கும். தூறல் விட்டதும் லென்ஸைத் துடைத்துக்கொண்டு எதிர்க்கரைக்கு ஓடுங்கள். நெர்வியோன் ஆற்றோடு சேர்த்து முழுக் கட்டடமும் அங்கிருந்துதான் அடங்கும்.