நன்கொடை வாங்கியாச்சு!

கேள்வி: நிதி திரட்டுவதற்காகச் சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்கு முதன்முறையாகச் சைக்கிளில் போகிறேன். எப்படித் தயாராவது?

பதில்: நன்கொடை வாங்கியபின் பின்வாங்க முடியாதே! நல்ல காரியம், துணிந்து கிளம்புங்கள். சுமார் 150 கி.மீ. தூரத்தில் கால்களுக்கு முன்பே கதறுவது உட்காருமிடம்தான். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். அந்த அளவுக்கு சீட்டை ஏற்றுங்கள். பஞ்சு வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி வேண்டாம். தையல் உரசிப் புண்ணாகும். வாராவாரம் தூரத்தைக் கூட்டி 100 கி.மீ. தொட்டுவிடுங்கள், மீதியைக் கூட வருபவர்களின் உற்சாகம் இழுத்துப்போகும். மரக்காணம் உப்பளங்களை உச்சி வெயிலுக்குமுன் தாண்ட வேண்டும், அதனால் விடியுமுன்பே புறப்படுங்கள். பஞ்சரான டியூபை மாற்ற வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.