சீசாவுக்குள் ஒரு சீசா

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் சீசா என்றொரு அரண்மனை. 'அல் அசீஸ்' என்ற அரபுப் பெயர் அந்த ஊர் வாயில் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. நமக்கு சீசா என்றால் புட்டி. அன்று என் கைப்பையில் இருந்ததும் அதுதான், இன்சுலின் சீசா.

நார்மன் அரசன் முதலாம் வில்லியம் 1165 வாக்கில் தொடங்கிய கோடை மாளிகை இது. முன்னால் குளம். கடற்காற்று குளத்தைத் தொட்டு வாசல் வளைவுகளில் நுழையும். உள்ளே பளிங்குச் சரிவில் தண்ணீர் வழியும். சூடான காற்று சுவர்ப் புழைகளில் ஏறி வெளியே போகும். ராஜாவுக்கு வியர்க்கக் கூடாது, அவ்வளவுதான். 850 வருஷம் கழித்து, என் இன்சுலினுக்கு வாய்த்தது ஈரத்துணி சுற்றிய ஒரு பை.

போகட்டும். வயிற்றெரிச்சல் வேறு. இங்கே வருவதற்கான ஷெங்கன் விசா வேண்டுமென்றால் 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வாங்கினேன். ஏற்கெனவே உள்ள நோய் சேராதாம். சர்க்கரை சேராது, சர்க்கரையால் கெடும் சிறுநீரகம், கண், கால் எதுவும் சேராது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொன்னது. அந்த நாட்டில் விற்கிற பாலிசி இது! குடையை விற்றுவிட்டு, மழையில் நனைந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று கைப்பிடியில் பொடி எழுத்தில் அச்சடிப்பது மாதிரி.

காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டேன்.

"சுகர் இருக்குன்னு ஃபார்ம்ல நீங்களே போட்டிருக்கீங்களே சார். அதான் பிரச்சினை."

"போடாம இருந்திருந்தா?"

"மறைச்சீங்கன்னு க்ளெய்ம் ரிஜெக்ட் ஆயிடும் சார்."

புத்திமதிக்கு மட்டும் குறைவில்லை. மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்துபோகலாம், டாக்டர் கடிதம் வையுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். காசைத் தவிர எல்லாம் தருகிறார்கள், மகராசன்கள்.

சீசாவின் நீரூற்றுக் கூடத்து வாசல் வளைவில் குட்டிச் சாத்தான்களை வரைந்திருக்கிறார்கள். எத்தனை முறை எண்ணினாலும் கணக்கு மாறுமாம், சரியாக எண்ணியவனுக்குப் புதையலாம். ஊர்க்கதை. கழுத்து வலிக்க எண்ணினேன். பாலிசியின் விதிவிலக்குகளை எண்ணிப் பழகியவனுக்கு இது புதிதல்ல; அங்கேயும் 'நிபந்தனைக்கு உட்பட்டு' என்று ஒன்று கடைசியில் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வரும்.

இத்தாலியில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தக் காகிதமும் இல்லாமல் கரையேறிய வெளிநாட்டுக்காரனுக்கும் அவசரச் சிகிச்சை, அவசியச் சிகிச்சை உண்டு. ஒரு குறியீட்டு எண் போட்டுக் கொடுத்து வைத்தியம் பார்க்கிறார்கள். விசா, பிரீமியம், கையெழுத்து என்று எல்லாம் முறைப்படி செய்து வந்த நான்தான் இளிச்சவாயன்.

பேசாமல் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பாலிசியைப் புரட்டினேன். பாஸ்போர்ட் தொலைந்தால் இழப்பீடு உண்டாம்.