பத்து ரூபாய்த் திருடர்கள்

தமிழ்நாட்டு மது வியாபாரத்தில் நடக்கும் மாபெரும் கொள்ளை பிடிபட்டுவிட்டது. மக்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம். குவாட்டருக்குப் பத்து ரூபாய்! கொள்ளையடிப்பவர் கம்பி வலைக்குள் வியர்த்து வழிந்தபடி நிற்கும் டாஸ்மாக் சேல்ஸ்மேன். "எம்ஆர்பி என்ன போட்டிருக்கு, நீ என்னய்யா கேக்குற?" என்று வெளியே நிற்பவர் கத்திக்கொண்டே செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார். மேலிடத்துக்குக் கடமை உணர்ச்சி பொங்குகிறது. மறுநாளே சஸ்பெண்ட். நீதி நிலைநாட்டப்பட்டது; அடுத்த குவாட்டரைத் திறக்கலாம்.

2024-25-இல் ஆயத்தீர்வையாகவும் மதிப்புக் கூட்டு வரியாகவும் டாஸ்மாக் அரசுக்கு ஈட்டிக் கொடுத்தது 48,344 கோடி ரூபாய். இதை யாரும் செல்போனில் படம் பிடிப்பதில்லை. சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு என்று வழவழத் தாளில் அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கும் துறைக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. முன்பாதி அலங்காரத்துக்கு.

கடைகளில் நின்று இந்தப் பணத்தைத் திரட்டியவர்கள் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று மொத்தம் 23,629 பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் வருகிறது. இப்படிச் சம்பாதித்துப் போடும் பிள்ளையை எந்த வீட்டிலும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். நம் அரசும் சும்மா இருக்கவில்லை. 2023-இல் விற்பனையாளருக்கு மாதம் 930 ரூபாய் உயர்த்தியது. 2025 ஏப்ரலில் இன்னும் மனமிரங்கி எல்லாருக்கும் மாதம் 2,000 ரூபாய் கூட்டிக் கொடுத்தது. இதனால் ஆண்டுக்கு 64.08 கோடி கூடுதல் செலவு என்ற கணக்கையும் கூடவே சொன்னது. அந்த 48,344 கோடியில் அரைநாள் வரவுகூட இல்லை இது.

1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய கழகம் டாஸ்மாக். 2003 நவம்பர் 29 முதல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை வியாபாரத்தையும் அதன் கையில் கொடுத்தது. தனியார் நடத்திய கடைகளெல்லாம் அரசுக் கடைகளாயின. வேலையில்லாத பட்டதாரிகள் டெபாசிட் கட்டிச் சேர்ந்தார்கள். அரசு வேலை என்றே நம்பினார்கள். அன்று தொகுப்பூதியம், இன்றும் தொகுப்பூதியம். இருபத்தைந்து வயதில் உள்ளே போனவருக்கு இன்று நாற்பத்தைந்துக்கு மேல். பிள்ளை கல்லூரிக்குப் போய்விட்டது, அப்பா இன்னும் தற்காலிகம். இதற்குள் எத்தனை தேர்தல், எத்தனை முதலமைச்சர்கள்! இரண்டு பெரிய கட்சிகளுக்கும் எல்லாவற்றிலும் சண்டை. இவர்களுக்குக் காலமுறை ஊதியம் தரக்கூடாது என்பதில் மட்டும் சகோதர பாசம்.

சரி, அந்தப் பத்து ரூபாய்க்கு வருவோம். வாங்குவது தப்புதான். மூட்டை தூக்கிச் சம்பாதித்த காசில் குடிப்பவரிடம் பத்து ரூபாய் கூடுதலாகப் பிடுங்குவதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அது எங்கே போகிறது என்று ஊழியர்கள் சொல்லும் கணக்கையும் கேளுங்கள். லாரியில் வரும் பெட்டிகளுக்கு இறக்கு கூலி. உடைந்த பாட்டிலுக்குத் தண்டம். கரண்டு பில்லில் துண்டு விழுவது. சோதனைக்கு வருகிறவர் வெறுங்கையோடு போகமாட்டார். உள்ளூர்க் கட்சிக்காரர் வீட்டில் காதுகுத்து. கடைசியில் சேல்ஸ்மேன் சட்டைப்பையில் மிஞ்சுவது என்ன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் படியேறி மேலே போகிறதா என்று எந்த வீடியோவும் கேட்டதில்லை. கேமரா கவுண்டர் உயரத்துக்கு மேல் நிமிர்வதில்லை.

இன்னொரு பத்து ரூபாய்க் கதையும் உண்டு. நீலகிரிக் காட்டில் உடைந்த பாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் கவலைப்பட்டது. நியாயமான கவலை. 2022-இல் அங்கே காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. விற்கும்போது பத்து ரூபாய் கூடுதலாக வாங்கு, பாட்டில் திரும்பினால் கொடு. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. யானைக் காலுக்கு நல்லது நடந்தது. அதற்கான ஸ்டிக்கரைப் பாட்டிலில் ஒட்டுவது யார்? எச்சிலும் எறும்புமாக வரும் பாட்டிலை எண்ணி வாங்குவது யார்? ஏற்கெனவே பெட்டிகள் கழுத்துவரை நிற்கும் கடையில் சாக்கு சாக்காக அடுக்குவது யார்? ஆள் போடச் சொல்லி ஊழியர்கள் தெருவில் நின்று கத்தியபோது எந்த நீதிமன்றக் கவலையும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் கால் யானைக் கால் அளவுக்குப் பெரியதில்லை.

கடைக்கு ஆண்டுக்கு எட்டு நாள் விடுமுறை உண்டு. காந்தி, வள்ளுவர், வள்ளலார், மகாவீரர் எல்லாரும் ஆளுக்கொரு நாள் தருகிறார்கள். தீபாவளி தரவில்லை. அன்றுதான் அறுவடை. எந்த மண்டலம் முதலிடம், போன ஆண்டைவிட எத்தனை கோடி கூடுதல் என்று செய்தித்தாள்கள் கிரிக்கெட் ஸ்கோர் போல எழுத, வலைக்குள் நிற்பவர் பிள்ளை கொளுத்தும் மத்தாப்பைச் செல்போனில் பார்க்கிறார்.

கொரோனாவில் கோயில் மூடிக் கிடந்தபோது, 2020 மே 7 அன்று, இந்தக் கடையைத் திறந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கி, மே 16 அன்று மறுபடி திறந்தது. ஒரு வார வேலை! பணி நிரந்தரக் கோப்பு ஒன்று இந்த வேகத்தில் டெல்லிவரை வேண்டாம், அடுத்த மேசைவரை நகர்ந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

இரவு பத்து மணிக்குக் கடையை மூடினால் வேலை முடிந்துவிடாது. வசூல் இருக்கிறது, இருட்டு இருக்கிறது. 2021-இல் ஒரகடம் அருகே கடையை மூடிவிட்டுக் கிளம்பிய விற்பனையாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2023-இல் சிவகங்கை மாவட்டம் பள்ளத்தூரில் கடைக்குள் ஒருவன் பெட்ரோல் குண்டு வீசினான். தீக்காயத்தால் இறந்தவர் விற்பனையாளர். மதுக்கொள்கை வகுத்தவர் அன்று கடையில் இல்லை. என்றைக்கும் இருக்கமாட்டார்.

படிப்படியாக மதுவிலக்கு என்கிறார்களே, அதுவும் நடக்கத்தான் செய்கிறது. 2016-இல் 500 கடை, 2017-இல் 500, 2023-இல் 500 மூடினார்கள். வருமானம் பெரிதாகக் குறையவில்லை. மூடிய கடையின் கூட்டம் அடுத்த கடைக்குப் போனது. திட்டும் அங்கேயே போனது. தாலி அறுத்தவன் என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவது விற்பனையாளர் முகத்தில். ஓசிக்குக் குவாட்டர் கேட்டுக் கொடுக்காவிட்டால் அடி விழுவதும் அங்கேயே. பெண் பார்க்கப் போனால் "மாப்பிள்ளை கவர்மெண்ட் வேலையா, எந்த டிபார்ட்மெண்ட்?" என்ற கேள்விக்குக் குடும்பமே காபி டம்ளரைப் பார்க்கிறது.

அடுத்த முறை பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால் தாராளமாகச் சண்டை போடுங்கள், பில் கேளுங்கள், வீடியோவும் எடுங்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் கும்பிட்டபடி உங்கள் தெருவுக்கு வரும்போதும் அதே செல்போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடியுங்கள். 2003-இல் வேலைக்குச் சேர்ந்தவனை எப்போது நிரந்தரமாக்குவீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லாமல் தெருவைத் தாண்ட விடாதீர்கள்.