விருந்தும் மருந்தும் ஆறு மாதம்: தேக்கா வட்டார உள்வாடகை குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது முன்னோர் வாக்கு. படுக்கையறையை வாடகைக்கு விட்டால் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாக்கு. முன்னோரையும் மீற முடியாது, வீவகவையும் மீற முடியாது. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுத் திணறும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்தின் நிலையை எடுத்துரைக்க ஓர் ஆய்வு தேவைப்படுகிறது.

தனியார் வீடுகளின் நிலை இன்னும் சுவையானது. அவற்றில் தங்குவோர்க்கான குறைந்தபட்சக் காலத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தது. எண்ணைப் பொறுத்தவரை ஆணையம் முன்னோரோடு முழுமையாக உடன்பட்டுவிட்டது. நாளா மாதமா என்பதில்தான் சிறு கருத்து வேறுபாடு.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியுள்ளார். ஆயினும் அந்தப் பத்துக் குறளில், முன்பணம் எத்தனை மாத வாடகை, ஏர்கானுக்குத் தனிக் கட்டணம் உண்டா, துணி துவைக்கும் இயந்திரத்தை வாரத்துக்கு எத்தனை முறை ஓட்டலாம் என்பன பற்றி ஒரு குறிப்பும் இல்லை. அந்த இடைவெளியை இயன்ற அளவு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் இது: வாடகைக்கு வருபவர் எவரும் தமிழ் வீட்டில் கடைசிவரை வாடகைக்காரராகவே இருந்துவிட முடியாது. எந்த நாளில் அவர் வேறொன்றாக மாறுகிறார் என்பதே ஆராயத்தக்கது.

2. ஆய்வு எல்லையும் ஆய்வு முறையும்

வடக்கே பாலஸ்டியர் ரோடு, தெற்கே ரோச்சோர் கால்வாய், கிழக்கே ஜாலான் புசார், மேற்கே ரேஸ் கோர்ஸ் ரோடு ஆகியவற்றுக்கு உட்பட்டதே ஆய்வு நிலம். அதற்குள் ஒரு நான்கறை வீவக வீடு. மகள் கல்யாணமாகிப் போனாள். மகன் படிக்கப் போனான். இரண்டு அறைகள் மிஞ்சின.

அறையை வாடகைக்கு விடும் உரிமையாளர் அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என்பது விதி. மானுடவியலாளர்கள் மானியம் வாங்கிக்கொண்டு மேற்கொள்ளும் பங்கேற்பு உற்றுநோக்கலை வீவக எங்களுக்குக் கட்டாயக் கடமையாகவே ஆக்கிவைத்திருக்கிறது.

முதன்மை ஆய்வாளர் என் மனைவி. நேர்காணல், தகவலாளர் தேர்வு, வாடகை நிர்ணயம் ஆகியவை அவர் பொறுப்பு. நான் உதவி ஆய்வாளர். குறிப்பெடுத்தல், பல்பு மாற்றுதல், குளியலறை அடைப்பெடுத்தல் ஆகியவை எனக்கு ஒதுக்கப்பட்டன. தகவலாளர்களின் பெயர்களை மறைத்து, உயிரெழுத்துகளால் சுட்டியிருக்கிறோம். குறில் நெடில் வேறுபாட்டுக்கும் அவர்களது உயரத்துக்கும் தொடர்பில்லை.

3. முன்னோடி வரலாறு

ஒரே கூரையின்கீழ் ஒருவரோடொருவர் ஒண்டிக்கொள்ளும் கலை இத்தீவில் நேற்று முளைத்ததன்று. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டியடி. பகலில் வட்டிக்கணக்கு, இரவில் அதே இடத்தில் பாய் விரித்துத் தூக்கம், சாப்பாட்டுக்குப் பொதுச் சமையல்காரர். பல நிறுவனங்கள் தடுப்புச் சுவரின்றி ஒரே கூடத்தில் பிழைத்தன. நகரச் சீரமைப்பின்போது 1970களில் அக்கட்டடங்கள் இடிபட்டன.

கிட்டங்கியில் அறைத்தகராறு எழுந்திருக்க வாய்ப்பில்லை, அறையே கிடையாது. எவருடைய தயிர் எது என்ற கேள்வியும் எழுந்திருக்காது; குளிர்பெட்டி கிடையாது. 1960இல் பிறந்த வீவகதான் தமிழனுக்குக் கதவு, தாழ்ப்பாள், தனியறை எல்லாம் தந்தது. உள்வாடகைச் சிக்கலின் தொடக்கப்புள்ளி அக்கதவே எனத் துணியலாம்.

4. சமையல் சர்ச்சை

சிராங்கூன் ரோட்டைச் சுற்றியுள்ள சுவர்களிலும் கம்பங்களிலும் ஒட்டப்படும் துண்டறிக்கைகள் தனி இலக்கிய வகையாகக் கொள்ளத்தக்கவை. "காமன் ரூம் வாடகைக்கு. பெண்கள் மட்டும். ஏர்கான் இரவில் மட்டும். லைட் குக்கிங்." இதில் கடைசித் தொடர் உரையாசிரியர்களிடையே பெரும் கருத்து வேறுபாட்டை எழுப்பியுள்ளது. கடும்போக்கினர் அது வெந்நீர் வைப்பது வரையே செல்லும் என்பர். நடுநிலையாளர் முட்டையையும் மேகியையும் ஏற்பர். தாராளர் தாளிப்பு வரை வருவர். கருவாட்டை மட்டும் மூன்று தரப்பினரும் ஒருமனதாக மறுப்பர்.

வாசனை இங்கே வரலாற்று முக்கியத்துவம் உடையது. ஓர் இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை பொறுக்காமல் சீனாவிலிருந்து வந்து குடியேறிய அண்டைக் குடும்பம் சமூக மத்தியஸ்த நிலையம் வரை சென்றது. அவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் மட்டும் இவர்கள் கறி சமைப்பது என்று உடன்பாடானது. இச்செய்தி 2011இல் நாளிதழில் வந்ததும் ஊர் கொதித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி, இன வேறுபாடின்றிப் பலரும் தத்தம் வீட்டில் ஒரு பானை கறி சமைத்துத் தங்கள் நிலைப்பாட்டை மூக்குகளுக்குத் தெரிவித்தனர். அப்படிப்பட்ட தீவில் "லைட் குக்கிங்" என்று எழுதி ஒட்டும் தமிழர்களைப் பற்றி வரலாறு என்ன சொல்லும் என்று முதன்மை ஆய்வாளரிடம் கேட்டேன். "வரலாறா வந்து அடுப்பு தொடைக்கும்?" என்றார்.

தகவலாளர் 'அ' கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் பொறியாளர். இரண்டு வாரம் கோப்பை நூடுல்ஸில் காலம் தள்ளினார். மூன்றாம் ஞாயிறு காலை தேக்கா ஈரச்சந்தைக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கிவந்து வறுத்தார். மணம் மின்தூக்கி வரை போனது. முதன்மை ஆய்வாளர் விசாரணைக்காகச் சமையலறைக்குள் நுழைந்தார். "லைட்டாத்தானுங்கக்கா வறுத்தேன்" என்றார் 'அ'. முதன்மை ஆய்வாளர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "வெங்காயம் பத்தல தம்பி. அடுத்த தடவ நான் சொல்றேன், அப்ப வறு."

இங்கே இரண்டு விதிகள் ஒருசேர முறிந்ததைக் கவனிக்க. சமையல் தடை போயிற்று. "வறுங்க" என்பதும் போயிற்று. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம் கட்டி உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் பதிந்திருந்தும் அதனால் பயனேதும் விளையவில்லை.

5. பிற தகவலாளர்கள்

'ஆ' மதுரைக்காரர், தாதி. இரவுப்பணி முடிந்து, ஊர் வேலைக்குப் புறப்படும் வேளையில் வீடு திரும்புவார். அவர் பகலில் தூங்கவேண்டி இருந்ததால் குக்கர் விசில் சத்தம் விடியற்காலைக்கு மாற்றப்பட்டது. வசந்தம் தொலைக்காட்சித் தொடர்களை ஒலியின்றி, கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துப் பார்க்கப் பழகினோம். முதன்மை ஆய்வாளரின் ஆங்கிலம் இக்காலத்தில் அடைந்த வளர்ச்சி தனி ஆய்வுக்குரியது. முதலில் 'ஆ'வுக்கென்று சாப்பாடு எதுவும் எடுத்துவைக்கும் வழக்கம் இல்லை. பிறகு மேசைமேல் மூடிபோட்ட ஒரு கிண்ணம் தோன்றியது. யார் வைத்தார், எதற்கு வைத்தார் என்று எவரும் பேசவில்லை. பதிலுக்கு அவர் ஒருநாள் என் இரத்த அழுத்தத்தைச் சோதித்தார். மறுநாள் முதல் என் தட்டில் அப்பளம் நின்றது. மாத வாடகை செலுத்தும் ஒருவர் வீட்டுக்காரரின் அப்பளத்தை நிறுத்தும் அதிகாரம் பெற்றது எந்தச் சட்டத்தின்படி என்பது இன்னும் தெளிவாகவில்லை.

'இ' கடலில் எண்ணெய் மேடைகளில் பணிபுரிபவர். ஒன்றாம் தேதி வாடகை வந்துவிடும், ஆள் வரமாட்டார். குளியலறையில் ஒரு பல்துலக்கி மட்டும் அவர் இருப்புக்குச் சான்று. மின்சாரம் கிடையாது, தண்ணீர் கிடையாது, குப்பை கிடையாது. பொருளாதார நோக்கில் இவரே இலட்சிய வாடகைக்காரர். ஆனால் இவர்மேல்தான் முதன்மை ஆய்வாளருக்கு மனக்குறை அதிகம். "காசு மட்டும் வருது. மனுஷன் வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலியே" என்பார். வாடகைக்கு விடுவது வருமானத்துக்காகவே என்னும் பொருளியலாரின் கொள்கை இவ்விடத்தில் அடிபடுகிறது.

'ஈ' எதிர்ச்சான்று. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வேலைக்கு வந்துபோனவர், நண்பரின் தம்பி. கோவிட் பரவலால் 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குத்தான் என்றார்கள். 'ஈ' ஒரு பையோடு வந்தார், முழு விருந்தாளியாக. ஏப்ரல் 7ஆம் தேதி இங்கே சர்க்கிட் பிரேக்கர் முடக்கம் தொடங்கியது. இரண்டு வாரம் என்றது நீண்டு, நிலவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதியில்தான். இதற்குள் அவரே கூச்சப்பட்டு வாடகை கொடுக்கத் தொடங்கி, நாங்கள் முறைப்படி பதிவும் செய்தோம்.

இவரது தனிச்சிறப்பு வேறு. காலையில் எழுந்ததும் அறை வாசலில் நின்று, "அங்கிள், பசியாறியாச்சா?" என்று அவர்தான் எங்களைக் கேட்பார். வீட்டுக்காரரைப் பார்த்து வாடகைக்காரர் கேட்கும் இக்கேள்விக்கு விதிமுறைகளில் இடமில்லை. தடையும் இல்லை. எல்லை திறந்ததும் போய்விட்டார். இப்போது தீபாவளிக்கு வருகிறார், முறுக்கு டின்னோடு. வாடகை கொடுப்பதில்லை, கேட்கவும் மனம் வரவில்லை.

'உ' கும்பகோணத்து மாணவி, மேற்படிப்புக்கு வந்தவர், தீவிர சைவர். குளிர்பெட்டியின் மேல்தட்டில் தம் பொருள் ஒவ்வொன்றின்மேலும் "சைவம், தொடாதீர்" என்று எழுதி ஒட்டுவார். கொத்தமல்லிக் கட்டிலும் ஒட்டியிருந்தார். கொத்தமல்லி அசைவமாக மாறும் வாய்ப்புப் பற்றி உசாவியபோது, கீழ்த்தட்டில் இருக்கும் மீனின் மணம் மேலே ஏறும் என்று விளக்கினார்.

மகளைப் பார்க்க அவர் அம்மா வந்தபோதுதான் இவ்வாய்வின் மிகப்பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. இரவில் ஜூரோங்கில் உறவினர் வீட்டில் தங்குவார். விடிந்ததும் ரயிலேறி எங்கள் சமையலறைக்கு வந்துவிடுவார். "நீங்க உக்காருங்கோ, நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். கூடத்து நாற்காலியில் எங்களை உட்காரவைத்து காப்பி கொடுத்தார், இலை போட்டார், இன்னும் கொஞ்சம் ரசம் என்று வற்புறுத்தினார். தம் சொந்த வீட்டில் இரு ஆய்வாளர்களும் விருந்தாளிகளாயினர். மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் சாப்பாடு முடிந்ததும் அவர் என்னைப் பார்த்து, "அந்தப் பாத்திரத்தையெல்லாம் கொஞ்சம் தேச்சு வெச்சுடுங்கோ" என்றார்.

முன்னோர் வாக்கு பொய்க்கவில்லை. மூன்று நாள் என்றது வந்தவருக்கு என்று இதுகாறும் பிழைபட உரைகொண்டனர். அது வீட்டுக்காரருக்கு விதிக்கப்பட்ட கெடு என்பதே எங்கள் முடிபு.

6. பொருளாதாரமும் சட்டமும்

உறவினரல்லாதார் கூடி வாழும் வீவக வீட்டில் ஆறு பேருக்குமேல் கூடாது என்று இருந்த வரம்பு, நான்கறை வீடுகளுக்கும் அவற்றினும் பெரியவற்றுக்கும் 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக எட்டாக உயர்த்தப்பட்டது. இதற்கு வீவகவின் அனுமதி வேண்டும். 1990களின் பிற்பகுதி முதல் கட்டப்பட்ட வீடுகளில் இரும்புக் கதவும் தடித்த சுவரும் கொண்ட அவசரகாலப் புகலறை உண்டு. அதைப் படுக்கையறை என்று சொல்லி வாடகைக்கு விட முடியாது. தமிழ் வீடுகளில் அதற்கு வாய்ப்பும் இல்லை. அரிசி மூட்டையும், ஊருக்குக் கொண்டுபோக முஸ்தஃபாவில் வாங்கிய கோடாலித் தைலமும், கொலு பொம்மைகளும் அங்கே முன்னதாகவே குடியேறி, காலிசெய்ய மறுத்து வருகின்றன.

வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. ஆனால் 2016 மதிப்பீட்டு ஆண்டு முதல், ரசீது எதுவும் காட்டாமலே மொத்த வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ள உள்நாட்டு வருவாய் ஆணையம் இடமளிக்கிறது. ஆணையத்தில் அமர்ந்திருக்கும் எவரோ ஒருவரும் ஒரு காலத்தில் அறையை வாடகைக்கு விட்டிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். மூடிபோட்ட கிண்ணத்துக்கு யார்தான் ரசீது கொடுக்கிறார்கள்?

7. முடிபுகள்

ஒன்று: வாடகைக்காரர் வேறொன்றாக மாறும் நாள், அவர் பசியாறினாரா என்று வீட்டுக்காரர் முதன்முறை கேட்கும் நாளே. அதற்குப்பின் ஒப்பந்தத்தில் எஞ்சுவது தொகை மட்டும்.

இரண்டு: ஆறு மாத விதி தமிழ்ப் பண்பாட்டுக்கு எதிரானதன்று. ஒருவரை விருந்தாளியாக்க மூன்று நாள் போதும். "சாப்பிட்டியா?" என்று அவரை ஒருமையில் அதட்ட ஆறு மாதம் வேண்டும். வீவக இதை எப்படி அறிந்தது என்பது வியப்புக்குரியது.

மூன்று: வாடகை கொடுத்தும் வராதவரைவிட, வந்து கருவாடு வறுப்பவரே மேல்.

8. பரிந்துரைகள்

அறையை வாடகைக்கு விட எண்ணும் வாசகர்கள் முதலில் வீவகவின் அனுமதியைப் பெறுக. வருகிறவரின் வேலை அனுமதி செல்லுபடியாகுமா என்று பார்த்துக்கொள்க. "லைட் குக்கிங்" என்று எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். வாடகை பேசும்போதே, பின்னால் போடப்போகும் சோற்றையும் குழம்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் கேட்க வாய் வராது.