பெனகல் படித்த படிப்பு

ஹைதராபாத்தை அடுத்த திருமலகிரியில் 1934இல் பிறந்த திரைப்பட இயக்குநர் ஷியாம் பெனகல் கல்லூரியில் படித்தது பொருளாதாரம். சினிமா படிக்க அப்போது பூனா திரைப்படக் கல்லூரியே கிடையாது. அது 1960இல்தான் வந்தது. ஆகவே ஹைதராபாத் ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கி, படம் பார்த்தே தேறினார். 1974இல் அவர் இயக்கிய ‘அங்குர்’ படம் வந்தது. பிறகு அந்தப் பூனா கல்லூரிக்கே இரண்டு முறை தலைவரானார். மாணவராகச் சேர்வதென்றால் நுழைவுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும்!

இன்றைய சிறு கல்லூரிக்கோ, படம் காட்ட வசதி அதிகம். புரொஜெக்டர் உண்டு, ஸ்பீக்கர் உண்டு, ‘திரைப்பட மன்றம்’ என்று பேனரும் உண்டு. குத்துவிளக்கு, வரவேற்புரை, சால்வை, சிறப்புரை எல்லாம் முடிந்தால் மணி நாலு. காலேஜ் பஸ் கிளம்பிவிடும்.

படத்தை வீட்டில் மொபைலில் பார்த்துவிட்டு, ஐந்து மார்க்குக்கு அசைன்மென்ட் எழுதி வந்தால் போதுமாம்.