சாட்சிநாதர்

கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியத்தில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்குச் சாட்சிநாதர் என்று திருநாமம். வணிகன் ஒருவன் மணம் புரிந்துகொண்டதற்குச் சாட்சியாக, வன்னி மரமும் கிணறும் உடன்வர, மதுரை வரையில் அவர் எழுந்தருளினார் என்பது திருவிளையாடற் புராணம் கூறும் வரலாறு. திருவல்லிக்கேணியில் எங்கள் தெருமுனைக் காப்பிக் கடைக்கு நாள் தவறாமல் விஜயம் செய்யும் நண்பர் ஒருவருக்கும் நாங்கள் அந்தப் பெயரையே சூட்டியிருக்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான். அவர் மதுரைக்கே போனார். இவரோ, தாம் அமரும் பெஞ்சிக்கும் எட்டு மணிக்கு மேல் முதலாளி வந்து அமரும் நாற்காலிக்கும் இடையேயுள்ள நான்கடி தூரத்தை ஆறு மாதமாகியும் கடந்தபாடில்லை.

சங்கதி இதுதான். முதலாளி வருவதற்கு முன்னால், கூட்டம் நெரிகிற காலை வேளையில், டோக்கன் கொடுக்கும் பையன் நோட்டை வாங்கிக்கொண்டு, டோக்கனைக் கிழிக்காமலே மாஸ்டருக்கு ஜாடை காட்டிவிட்டு, அந்த நோட்டைக் கல்லாவில் போடுவதற்குப் பதில் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைச் சாட்சிநாதர் கண்டுவிட்டார். தணிக்கை இலாகாவில் முப்பது வருஷம் பிறர் கணக்கில் பிழை கண்டு ஓய்வு பெற்ற கண்கள் அவை. ஓய்வூதியம் வாங்கியது மனிதர்தானே ஒழியக் கண்களல்ல. ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும்: அவர் பிரத்தியட்சமாகக் கண்டது இரண்டே முறை, மற்றதெல்லாம் அனுமானம்.

கண்ட நாள் தொட்டு அவர் அடைந்த தர்மசங்கடம் இவ்வளவு அவ்வளவு அல்ல. முதலாளியிடம் சொன்னால் ஓர் ஏழையின் பிழைப்பில் மண் விழும், சொல்லாவிட்டால் தாமும் அந்தப் பாதகத்தில் பங்காளி ஆவோம் என்று இரண்டு பக்கமும் எடை போட்டுப் பார்த்து, முடிவில் முதலாளி ஒருவரைத் தவிர ஏனைய எல்லாரிடமும் சொல்லுவது என்ற மத்தியஸ்த மார்க்கத்தை அவர் கைக்கொண்டார். பூக்காரியிடம் சொன்னார், கடற்கரையில் உடன் நடக்கும் கிழவர்களிடம் சொன்னார், ஊழியன் திருடினால் ஏழு வருஷம் வரையில் சிறை என்னும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 381-வது பிரிவையும், அரசாங்கப் பணத்தை அதிகாரிகள் அபகரிக்கும் வழிகள் நாற்பது என்று கௌடில்யர் எண்ணி வைத்திருப்பதையும் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் எடுத்துரைத்தார். அந்தச் செய்தி தெருவை வலம் வந்து என் காதை அடைந்தபோது, திருடன் டோக்கன் பையனாக இல்லை. பின்கட்டில் டம்ளர் கழுவும் முதியவராக மாறியிருந்தான்.

“இத்தனை எதற்கு ஸார்? ‘டோக்கனைக் குடு தம்பி’ என்று ஒரு வார்த்தை கேட்டால் காரியம் முடிந்ததே?” என்றேன்.

சாட்சிநாதர் திடுக்கிட்டுப் போனார். “என்ன சொல்லுகிறீர்! மூஞ்சிக்கு நேரே அப்படிக் கேட்டால் அந்தப் பிள்ளையின் மனசு என்ன பாடு படும்?”

நானும் விடவில்லை. அமெரிக்காவில் டேட்டன் என்னும் நகரத்தில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி என்பவர், சிப்பந்திகள் வரும்படியைச் சுருட்டுவது பொறுக்காமல் 1879-ல் காசுப் பதிவுப் பொறி ஒன்றைச் சமைத்ததையும், இப்படிப்பட்ட பொறிகளில் பின்னாளில் மணி வைத்ததால், பெட்டி திறக்கும்போதெல்லாம் அந்த ஓசை உள்ளே இருக்கும் முதலாளிக்குக் கேட்டதையும் விஸ்தாரமாகச் சொல்லி, அந்த மணி செய்த வேலையை இந்தக் கடையில் டோக்கன் கேட்கும் வாடிக்கைக்காரர் செய்யலாமே என்றேன்.

“மணிக்கென்ன ஐயா, அடித்துவிட்டுச் சும்மா இருக்கும். நமக்கு நாளைக்கும் இங்கேதானே காப்பி?” என்றார்.

ஆகவே, ருசு சேகரிக்கும் பொருட்டு ஒரு டைரி போட்டார். தேதி, மணி, டோக்கன் இன்றி வழங்கிய காப்பி எத்தனை என்று பத்தி பிரித்துச் சிவப்பு மையில் கோடிட்ட அந்த டைரியை நிரப்புவதற்காக, ஒரு காப்பி குடித்து வந்தவர் இரண்டு காப்பி குடிக்க நேர்ந்தது. விசாரணைச் செலவு என்று அதையும் எழுதி வைத்தார்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில் அடைமழை. கடையில் எங்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை. நனைந்து நடுங்கிக்கொண்டு நாங்கள் சட்டைப் பையைத் துழாவுவதைப் பார்த்த பையன், “இருக்கட்டும் பெரியவரே, மழையிலே காசு எதுக்கு? குடிங்க” என்று கூறி, நுரை பொங்க இரண்டு டம்ளரை எங்கள் முன்னால் வைத்தான். டோக்கன் கிழியவில்லை, கல்லாவும் திறக்கவில்லை. சாட்சிநாதர் ஒரு கணம் அவனை உற்று நோக்கினார். பிறகு டம்ளரை எடுத்து, ஆற்றி, நிதானமாகக் குடித்து முடித்தார்.

“தங்கமான பிள்ளை” என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

அவர் டைரியைத் திறந்து எழுதுவதை எட்டிப் பார்த்தேன். தேதிக்கு நேரே, மற்றப் பத்திகளையெல்லாம் வெற்றாக விட்டு, “நல்ல மழை” என்று மட்டும் எழுதினார். என் கையிலும் டம்ளர் இருந்தபடியால் நான் ஒன்றும் கேட்கவில்லை.